வலமாகச் சுற்றிய படகு

என் செல்ல நாத்தனார் மல்லிக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாளும் கூடத்துச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது, உன் படம் இல்லை. ஊரையே படம் பிடித்தாய், உனக்கென்று உருப்படியாக ஒன்று கிடையாது. உன் வேங்கிக்கால் ஆபீஸ் அடையாள அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கலாம் என்றேன். "அதுல அவ முழிக்கிறா, வேணாம்," என்று உன் அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நீ கண் மூடியபோது அவர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார் இல்லையா? அதைப் பற்றி அதுவரை வாய் திறந்ததே இல்லை.

அதனால்தான் பழவேற்காடு ஏரிக்குப் போனேன். நீ ஆசைப்பட்டுப் போகாமலே விட்ட ஆலாப் பறவைகளை உன் கேமராவாலேயே எடுத்து, அந்த ஆணியில் மாட்ட நினைத்தேன்.

விடிகிற நேரம், தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். மலையைப் பார்த்தே பழகிய கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. படகு நகர்கிறதா, தண்ணீர்தான் நகர்கிறதா? பாதித் தூக்கத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. நீயும் வந்திருக்கிறாய் என்ற நினைப்பில் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். சிரிக்காதே.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. அதன் மேல் ஆலாக்கள், வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையுமாக. படகுக்காரர், "எந்தப் பக்கமா சுத்தட்டும்மா?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "திட்டு நம்ம வலது கைப் பக்கம் இருக்கணுங்க."

"எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலைங்க."

"அதான பாத்தேன். பறவைங்களுக்கு கிரிவலமா?" என்று சிரித்தார்.

"அண்ணி, வெயில் நம்ம முதுகுல அடிக்கணும், மூஞ்சில இல்ல," என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். வலம் வந்த பழக்கம் அதை மறக்கடித்துவிட்டது. போன பக்கமெல்லாம் வெயில் எதிரே; இடப்பக்கமாகச் சுற்றியிருந்தால் முதுகில் விழுந்திருக்கும். வெளிச்சம் நன்றாக விழுந்த பக்கத்துக்கு வருவதற்குள் அத்தனையும் எழும்பிப் போய்விட்டன. உன் ஆசையைக் கெடுத்துவிட்டேனே என்று படகிலேயே அழுதேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு. கண்ணும் தெரியவில்லை, அலகின் நிறமும் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் ஒரு ஆலா மணலை விட்டு மேலே எழுகிறது, விரித்த சிறகுக்குள் வெயில் தெரிகிறது. அதையும் அழிக்கப் போனேன். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். அவ போறப்ப நான் பாக்கல. இப்படித்தான் போயிருப்பா."

அவரே பிரேம் போட்டுக்கொண்டு வந்து மாட்டினார். மாலை வாங்கவா என்று கேட்டேன். "பறவைக்கு எதுக்கு?" என்றார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சத்தியமாக இடப்பக்கமாகவே சுற்றச் சொல்கிறேன். சாமி கோபித்துக்கொண்டால் நீ சமாதானம் சொல்லிக்கொள்.

உனக்காகப் பலகையில் இடம் விட்டு உட்காரும்,
உன் அண்ணி வசந்தா