வேலியோரத்து இரண்டு பூட்டுகள்

அன்று பால் சொசைட்டி முற்றத்தில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இரண்டே வார்த்தை, மாமா. "எனக்காக ஒத்துக்குங்க." சொல்லியிருந்தால் மருமகள் முகத்துக்காகத் தலையாட்டியிருப்பீர்கள். அடுத்த வாரமே பழையபடி மோட்டாரைப் போட்டிருப்பீர்கள்.

இன்று காலை ஆணியிலிருந்து உங்கள் சாவியை எடுத்தபோது விரலில் தேங்காயெண்ணெய் ஒட்டியது. துருப் பிடிக்கக் கூடாதென்று நீங்கள் தடவி வைப்பீர்கள். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்ததில்லை. மேற்கே கொட்டிவிட்டு வரும் மேகம் எங்கள் பனைகளுக்கு மேல் வெறுங்கையோடு போகும். கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில் இந்த வீட்டில் நான் கண்ட விநோதம், நீங்கள் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவது. வேலிக்கு அப்பால் உங்கள் தம்பியின் மோட்டார் இரைந்தால் போதும்.

"அவன் போட்டுட்டான்" என்று எச்சில் கையோடு கிளம்புவீர்கள். "சோறு எங்கயும் போவாது. தண்ணி போயிருமல்லோ."

"அந்த மோட்டாரையே கட்டியிருக்கலாமுங்க நீங்க" என்பார் அத்தை, இலையை மூடியபடி.

உங்கள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு உங்கள் தம்பி இன்னும் கூடுதல் நேரம் ஓட்டுவார். அவர் ஓட்டுவதைக் கேட்டு நீங்கள். பூமிக்கு அடியில் தண்ணீர் ஒன்றுதான். இரண்டு போர்வெல்களும் ஆழம் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு தோப்பிலும் தென்னை குருத்துச் சிறுத்தது. நீங்கள் இருவரும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகியிருந்தது.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிற அலுவலகத்தில் எனக்கு வேலை. நம் ஊர்த் திட்டமும் என் மேசைக்கே வந்தது. சோலார் வருகிறதென்றதும் நீங்கள்தான் முதலில் குஷியானீர்கள்.

"வெயிலுக்கு என்ன பஞ்சம்? விடிஞ்சா போட்டா பொழுது சாயற வரைக்கும் ஓடுமல்லோ அம்மணி?"

"வெயில் இருக்குதுங்க மாமா. தண்ணி இல்லீங்களே."

முதலில் போர் எவ்வளவு ஊறுகிறதென்று பார்க்க வேண்டும், அதற்குத் தக்க நேரம்தான் மோட்டார் ஓட வேண்டும், மிஞ்சுகிற கரண்டு லைனுக்குப் போக வேண்டும் என்றேன். அதற்கு இரண்டு தோப்புக்கும் ஒரே மோட்டார், ஒரே தொட்டி. இன்னொரு போரை மூடி, மழைத்தண்ணீர் இறங்க விட்டுவிட வேண்டும். உங்கள் முகம் மாறிவிட்டது.

சொசைட்டி முற்றத்தில் நீங்கள் முன் நாற்காலி, உங்கள் தம்பி கடைசி நாற்காலி. அண்ணனும் தம்பியும் சேராவிட்டால் இந்தத் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று வார்டு மெம்பர் சொல்லிவிட்டார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "எம்போரை மூடிக்குங்க. ஆனா மோட்டார் ரூமு வேலி மேலதான் இருக்கோணும். ரண்டு பூட்டு. எஞ்சாவி எங்கிட்ட, அவஞ்சாவி அவங்கிட்ட. எனக்கு அவன் மேல நம்பிக்கை இல்லீங்க."

"மூணு பூட்டுக்கூடப் போடட்டும்" என்றது கடைசி நாற்காலி. "எனக்கும் அவரு மேல இல்லீங்க."

எத்தனையோ ஊர்களில் திட்டம் போட்டிருக்கிறேன். சந்தேகத்தையே அஸ்திவாரமாக வைத்தது அது ஒன்றுதான். யாரும் திருட்டுத்தனமாக மோட்டார் போடக் கூடாதென்று வைத்த பூட்டுகள், தினமும் காலையில் உங்கள் இருவரையும் ஒரே கதவுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தின. முதலில் முகம் திருப்பிக்கொண்டு திறந்தீர்கள். ஒருநாள் உங்கள் தம்பி வரத் தாமதம்.

"சூரியன் உனக்காவ காத்துட்டு நிக்குமாடா?"

"பல்லு வெளக்க வேண்டாமா?"

அதுதான் அத்தனை வருஷத்துக்குப் பிறகு நீங்கள் பேசிய முதல் பேச்சு. பேனல் கழுவிக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கக் குழாயை முகத்தில் பீய்ச்சிக்கொண்டேன்.

அப்புறம் உங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடைத்தது. மோட்டார் நின்றதும் மீட்டர் முன்னால் போய் நிற்பீர்கள்.

"இப்ப நம்ம கரண்டு யாரூட்டுல எரியுது அம்மணி?"

"யாருக்குத் தெரியுமுங்க மாமா. மூணாறு வரைக்கும்கூடப் போகலாம்."

அந்தப் பதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த மலை அணையிலிருந்து நமக்குக் கரண்டு வந்துச்சு. இப்ப நாம அங்க அனுப்பறோம்" என்று தேங்காய் ஏற்ற வந்த லாரி டிரைவரிடமெல்லாம் சொன்னீர்கள். குருத்து மறுபடி விரிந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, முழுச் சோற்றையும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

அளந்து இறைப்பதைப் பற்றி இப்போது மற்ற ஊர்களில் பேசும்போது, முதலில் இரண்டு பூட்டுக் கதையைத்தான் சொல்கிறேன். சிரித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறார்கள்.

மாசியில் நீங்கள் போனீர்கள். காரியங்கள் முடிந்த மறுநாள் காலை உங்கள் சாவியோடு வேலிக்குப் போனேன். சின்ன மாமா எனக்கு முன்பே வந்திருந்தார். தன் பூட்டைக் கழற்றித் துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

"அண்ணன் பூட்டு ஒண்ணு போதும் அம்மணி."

இப்போது அந்தக் கதவில் உங்கள் பூட்டு மட்டும்தான் தொங்குகிறது. காலையில் நான் போகும்வரை அவர் காத்திருக்கிறார்.