வாடை எந்தப் பக்கம்?

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

நேற்று அம்மா மைதானத்துக்கு வந்தாள். நம்புவீர்களா? வந்தவள் சும்மா இருந்தாளா என்றால், அதுவும் இல்லை.

தங்கச்சி ஜெனிக்கு மாநில பேஸ்பால் அணியில் இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சிக்குச் சென்னை போக வேண்டும். அம்மா ஒரே பிடியாக முடியாது என்றாள். "கப்பலுக்குப் போனவுகள எதிர்பாத்தே என் கண்ணு பூத்துப்போச்சு. கடைசியில பெட்டியிலதான் வந்தாக. இவளையும் அனுப்பிட்டு நான் இங்கன காத்துக் கெடக்கணுமா?" "ஒரு மேட்ச் பாரும்மா, பெறவு முடியாதுன்னு சொல்லு" என்று ஜெனி கெஞ்சித்தான் கூட்டிவந்தாள்.

ஜப்பான் துறைமுகத்தில் பேஸ்பால் கற்றுவந்து, கடற்கரை மணலில் எங்களுக்குச் சொல்லித்தந்தீர்களே, நினைவிருக்கிறதா? இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை என்று காற்றுகளின் பெயரை வைத்தீர்கள். கடலைப் பார்த்து மட்டை பிடித்தால், தெற்கே முதல் பேஸ், சோழகம். கடலோரத்தில் இரண்டாவது, கொண்டல். வடக்கே மூன்றாவது, வாடை. மூன்றையும் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். அந்த இடத்துக்குப் பெயர் கரை. இன்றும் நானும் ஜெனியும் அப்படித்தான் கத்திக்கொள்கிறோம்.

நேற்றைய மைதானம் திரும்பிக் கிடந்தது. கடல் மட்டை பிடிப்பவரின் முதுகுப்பக்கம். எந்தத் திசையில் இருந்தாலும் எங்களுக்கு மூன்றாவது பேஸ் வாடைதான். அம்மாவுக்கு அது தெரியாதே!

கடைசிச் சுற்று. இரண்டு ரன் முன்னால் இருக்கிறோம். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஜெயம். எதிரணிக்காரிகள் முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. ஜெனி கையில் பந்து, அதைப் பிடிக்க நான் கரையில். முதல் பேஸ்காரி நைசாக நகர்வதை அம்மா பார்த்துவிட்டாள். அதுதான் நிஜ வடக்கு.

"ஏளா ஜெனி, வாடைப் பக்கம் பாரு, ஓடுதா!"

ஜெனி சட்டென்று மூன்றாவது பேஸுக்கு எறிந்தாள். அங்கே எங்கள் பெண் அதை எதிர்பார்க்கவில்லை. பந்து வேலிவரை போய்விட்டது. அங்கே நின்ற எதிரணிக்காரி கரைக்கு ஓடிவந்துவிட்டாள், ஒரு ரன் போச்சு. முதல் பேஸ்காரி மூன்றாவதில் வந்து நின்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் அம்மா மேலா, இப்படிப் பெயர் வைத்துவிட்டுப் போன உங்கள் மேலா?

அடுத்த பந்து உருண்டு ஜெனியிடமே வந்தது. பதற்றத்தில் கையைவிட்டு நழுவியது. மூன்றாவது பேஸ்காரி என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். "கரை! கரை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜெனி எடுத்து எறிந்த பந்தைப் பிடித்து, அவள் கால் கரையில் படுமுன் அவளைத் தொட்டேன். அவுட்.

அம்மா நேரே என்னிடம் வந்தாள். "ஏளா, எதைக் கரைன்னு கத்துன?"

காலடியில் பதித்திருந்த வெள்ளைத் தகட்டைக் காட்டினேன். "இதைத்தாம்மா. அப்பா வச்ச பேரு."

"இங்கன கெளம்பி இங்கனயே திரும்பி வரத்தானா இம்புட்டு ஓட்டம்?"

"ஆமாம்மா."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். "பிள்ளைகளுக்குக் கரை ஏறச் சொல்லிக் குடுத்துட்டு, அவுக ஏறாமப் போயிட்டாகளே" என்று அழுதாள். நாங்களும் அழுதோம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெனியைப் பார்த்தாள். "போயிட்டு வா."

திங்கட்கிழமை ஜெனி கிளம்புகிறாள். அம்மாவை இனி ஒருநாளும் தனியாகக் காத்திருக்க விடமாட்டேன், அப்பா. இது சத்தியம்.

கரையில் நிற்கும்
உங்கள் மூத்த மகள்