தேரை அறையின் வாசல்

என் அன்பிற்குரியவருக்கு வணக்கம்.

தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலமே.

நான் துப்புரவு செய்யும் ஆய்வுக்கூடத்தில், வெயிலில் வற்றிய குளங்களிலிருந்து மீட்ட நாற்பது தேரைகள் வளர்கின்றன. வெளியே எஞ்சியவற்றைத் தோல்பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. சென்ற வாரம் தலைமை ஆய்வாளர், குளத்துச் சேறு படிந்த காலணியோடு அவசரமாகத் தேரை அறைக்குள் நுழையப் பார்த்தார்.

"ஐயா, செருப்பை வெளியே கழட்டுங்க!" என்றேன்.

"இது என்ன உங்க வீடாம்மா?"

"என்னோடது இல்லைங்க, தேரைங்களோடது."

சிரித்தபடி கழற்றினார். சேற்றைச் சோதித்தபோது, அதே பூஞ்சை! இப்போது கதவில் என் கையெழுத்தில் அறிவிப்பு: "காலணிகளை வெளியே விடுக." பிழையில்லை, இருமுறை சரிபார்த்தேன்.

ஒரு வேண்டுகோள். தங்கள் பழைய செருப்பை அனுப்பிவையுங்கள். நான் தனியே தங்கியிருக்கும் அறையின் வாசலில் என் ஒரே ஜோடி கிடப்பது கண்ணை உறுத்துகிறது.

வேலைக்கு நேரமாயிற்று.

தங்கள் மனைவி