தவக்காலத்தில் அம்மா குடித்த குளிசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகன் டினேசுக்கு,

அப்பா எழுதுவது. புனித யாகப்பரின் புண்ணியத்தில் நான் எழும்பி நடமாடித் திரிகிறேன், சுகம் என்று எழுதத்தான் இன்னும் கை வரவில்லை, நீ அங்கே நோய் நொடியில்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தபிறகு அதை எழுதிக்கொள்ளலாம். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனுசனுக்கு என்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் இதைத் தொடங்கினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றி மீன் விலைக்குப் போய்விடுவேன், முன்னரும் அப்படித்தான் நடந்தது. லூர்துமேரியின் மகள் பாரிசுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுதும் வாசித்தபிறகு எனக்குப் போன் எடு, பாதியில் எடுக்காதே.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை குறையில்லாமல் முடிந்தது. பக்கத்து வீட்டுச் செபமாலை அண்ணைதான் கல்லறைக்கு வெள்ளை அடித்துத் தந்தார். சோறும் அவர் வீட்டில் இருந்துதான் வருகிறது, அவருடைய மனைவி போடுகிற உப்புக்குக் கடல் தண்ணீர் தேவலை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். நான் இன்னும் தொழிலுக்கு இறங்கவில்லை, வள்ளம் கரையில்தான் கிடக்கிறது. போகச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், போய் வந்து யாரிடம் மீனைக் கொடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று சொன்னாய். உணவகத்துக் குசினியில் நின்று நின்று சமைத்து இடுப்பு, நாரியெல்லாம் நோகிறதென்றும், அதற்கு நோக்குளிசை போடுகிறதென்றும், பிறகு நெஞ்சு எரிந்தால் அம்மாவுக்கு அனுப்பிய அதே நுரைக்குளிசையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறதென்றும், குடித்தால் உடனே சுகமென்றும் சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் போய் அம்மா செத்தாள் என்பது உனக்குத் தெரியும், ஏன் போனது என்று நான் உனக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டைப் போனில் பார்த்துக் கதறிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எந்தத் தகப்பன் அதைச் சொல்லுவான். ஆனால் சொல்லாமல் விட்டால் உன்னையும் பறிகொடுத்துவிடுவேன் போலிருக்கிறது, அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் அம்மா தவக்காலம் முழுவதும் ஒருசந்தி பிடித்தாள். அறுபது தாண்டியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உபவாசம் கடமையில்லை என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார், மருந்து குடித்தால் ஒருசந்தி முறியாது என்றும் சொன்னார். அவள் காதில் விழுந்தது இரண்டாவது மட்டும்தான். காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் தாண்டித்தான் ஒரு நேரச் சோறு, இடையில் நெஞ்சு எரிந்தால் நீ அனுப்பிய குளிசையை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு நுரை அடங்கமுன் குடிப்பாள். சாப்பாடு வயிற்றில் இல்லை, நுரைத்தண்ணீர் மட்டும்தான். எரிவு கொஞ்சம் ஆறும், பிறகு முன்னதைவிடக் கூடும், திரும்பக் குடிப்பாள். என் பிள்ளை அனுப்பியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குளிசைக் குழாயைக் காட்டுவாள். வெளிநாட்டு மருந்தென்றால் எங்கள் ஆட்களுக்கு அது தேவநற்கருணைக்கு அடுத்தது. கழிவு கறுப்பாகப் போகிறதென்று செபமாலை அண்ணையின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள், அவ பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது, “உது கணவாய் மை, அக்கா, நேற்றும் கணவாய்தானே காய்ச்சினனான்” என்று சிரித்திருக்கிறாள். இது எனக்குச் செத்தவீட்டில்தான் தெரியவந்தது. கணவாய் கறுப்பு வேறு, இது தார் மாதிரி ஒட்டுகிற கறுப்பு, அதை யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழங்காலில் இருந்தவள் எழும்பவில்லை. கோவில் முற்றத்திலேயே சத்தி எடுத்தாள், வாந்தி கோப்பித்தூள் கரைத்த மாதிரி, பிறகு பச்சை இரத்தம். ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்தார்கள், அவர்களில் ஒரு குறையும் இல்லை, நாங்கள்தான் பிந்திப் போனோம். அங்கே தக்சாயினி என்று ஒரு இளம் டொக்டர், வீட்டில் இருக்கிற மருந்தெல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். நீ அனுப்பிய குளிசைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்திச் சொன்னாள். “ஐயா, இது வெறும் நெஞ்செரிவுக் குளிசை இல்லை. இதுக்குள்ளை அஸ்பிரினும் கிடக்கு. அம்மா இருதயத்துக்குக் கிளினிக்கிலை தந்த அஸ்பிரினையும் போட்டு, இதையும் குடிச்சிருக்கிறா. வயித்துப்புண் அதிலைதான் வெடிச்சது.” அடுத்த நாள் விடிய அம்மா போய்விட்டாள்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் கொன்றுவிட்டேன் என்று நினைப்பாய். அப்படி நினைத்தாயென்றால் எனக்குக் கோபம் வரும். எரிகிறது என்று அவள் சொன்னாள், நீ அனுப்பினாய், பிள்ளை செய்யவேண்டியதைத்தான் செய்தாய். பெட்டியில் பிரெஞ்சில் இருந்ததை இங்கே வாசிக்க ஆளில்லை, கிளினிக்கில் காட்டவேண்டுமென்று அவளுக்கும் தோன்றவில்லை. இனி அழுது என்ன, கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரம். ஆனால் உனக்குக் கண் இருக்கிறது, பிரெஞ்சும் தெரியும், நீ அதே குழாயை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்கிறாயே, அதுதான் என்னைக் கொல்கிறது. நீ போடுகிற நோக்குளிசையும் வயிற்றைத் தின்கிற சாதிதானாம், நீ சொன்னபிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டபோது அந்த டொக்டர் பிள்ளை சொன்னாள், ஒன்று புண்ணாக்கும், மற்றது அதை வெடிக்கவைக்கும். எரிவுக்கு மருந்து கூடாதென்று நான் சொல்லவில்லை, அஸ்பிரின் இல்லாத மருந்துகள் எத்தனையோ இருக்கின்றனவாம், எந்தப் பெட்டியானாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று பாமசிக்காரரிடம் கேட்டு, நீ போடுகிற மற்றக் குளிசைகளையும் சொல்லித்தான் வாங்கவேண்டுமாம். அதையும் பெட்டியில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே போடக்கூடாது. இரண்டு கிழமை போட்டும் எரிவு நிற்காவிட்டால் அது குளிசைக்கு அடங்குகிற வருத்தமில்லை, டொக்டர்தான் பார்க்கவேண்டும். உனக்கு அது எத்தனை மாதமாக இருக்கிறது என்று நீயே நினைத்துப் பார். விழுங்கக் கஷ்டமாக இருந்தால், உடம்பு மெலிந்தால் உடனே காட்டு. கழிவு கறுத்தாலோ, சத்தியில் இரத்தம் வந்தாலோ, நெஞ்சு நோவு கைக்கும் தாடைக்கும் போய் வேர்த்தாலோ, வேலை முடியட்டும் என்று நிற்காமல் அம்புலன்சைக் கூப்பிடு. சாமத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு அப்படியே சரிகிறதையும் விடு, அது எரிவை நீயே வெற்றிலை வைத்து அழைக்கிற வேலை.

சித்திக்கும் அந்தக் குளிசையை அனுப்பப்போவதாகச் சொன்னாயே, அனுப்பாதே. இங்கே ஒழுங்கை வீட்டுக்காரர் இன்னமும் வந்து கேட்கிறார்கள், மிச்சம் கிடக்கிறதா என்று. மிச்சத்தை நான் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டேன்.

ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும், மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். இதை வாசித்த கிழமைக்குள் டொக்டரிடம் போகவேண்டும், போய்விட்டு அவர் சொன்னதை எனக்கு மறைக்காமல் சொல்லவேண்டும், வேறு ஒன்றும் நான் உன்னிடம் கேட்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக இங்கே ஊரே வந்தது. உனக்கு ஒன்று நடந்தால் கடைசியாக உன் முகம் பார்க்க வருவதற்கு எனக்கு ஒருவனும் விசா தரமாட்டான், தம்பி.

உன் அப்பா,
ம. சந்தியோகு