மூன்று வாரத் தண்ணீர்

இன்று காலை பரணிலிருந்து கித்தான் சுருளை இறக்கினேன். ஏழு ஆண்டுகளாகப் பிரிக்காமல் கிடந்தது. முடிச்சை அவிழ்த்ததும் ஆளிவிதை எண்ணெயும் பழைய டீசலும் ஆற்றுமணலும் கலந்த வாடை கூடமெங்கும் பரவிற்று. அந்த வாடைக்குள் நீர் உட்கார்ந்திருந்தீர்: வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் வியர்வையில் கரைய, படகின் சுக்கான் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்தபடி.

உம்மைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. உம்மீது எனக்குள்ள கோபம் சூடு போய் இறுகிவிட்டது. இறுகியது கரையாது என்பதை இத்தனை ஆண்டுகளில் கண்டுகொண்டேன்.

கல்லூரியில் நீர் பௌதிகம் கற்பித்தீர், நான் கணிதம். வெள்ளிக்கிழமை கறி தொடாத கிறிஸ்தவன் நான். மீனின் வாடையே ஆகாத ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பம் உம்முடையது. ஆனால் படகைக் கண்டுபிடித்தவர் நீர்தான். ஊருக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், விற்றுத் தரச் சொல்லிக் காதர் பாயிடம் விட்டுப் போன பழைய மோட்டார் படகு அது. காதர் பாய் நாகூர்ப் பக்கத்துப் படகுத் தச்சர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த வாரத்தில் என்னைக் கம்பரசம்பேட்டைக் கரைக்கு இழுத்துச் சென்றீர். நாணலோரம் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடக்கிக்கொள்ளும் கித்தான் கூரை. இருவர் கால் நீட்டிப் படுக்க ஒரு சிறிய அறை. பின்புறம் தூண்டில் போடுவதற்கென்று ஒரு சுழல் நாற்காலி. அதில் அமர்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினீர்.

"ஓய், உமக்கு வெள்ளிக்கிழமை மீன் வேணும். எனக்குத் தூண்டில் போடணும். நான் பிடிக்கறேன், நீர் சாப்பிடும். பாவத்தைப் பாதிப் பாதியா வச்சுக்கலாம்."

"வீட்டுல தெரிஞ்சா?"

"தெரிஞ்சா படகுலயே குடியிருந்துடறேன். ரெண்டு பேர் படுக்கலாம்னு பாய் சொல்றாரே."

பிறகு பாயிடம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டீர். "இந்தத் தண்ணி தாங்குமா, பாய்?"

"இந்தத் தண்ணியும் தாங்கும், அடுத்த தண்ணியும் தாங்குங்க. தண்ணியிலயே கெடக்கணும், அவ்வளவுதான். கரையேத்திக் காய வச்சா பலகை வாயப் பொளந்துடும்."

அந்தத் 'தண்ணி' முடிய, மேட்டூர் அணையை மூட, மூன்று வாரம் இருந்தது. அதுவரை ஆற்றில் படகு ஓடும். அதற்குப் பின் ஆடி வரையில் மணல்தான். அன்றே எடுத்துவிடலாம் என்றீர். நான் மறுத்தேன். முன்பின் தெரியாதவர் ஓட்டிய படகு. அடிப்பலகையைக் கண்ணால் பாராமல் வாங்குவது படித்தவன் செய்யும் காரியமல்ல என்றேன். கரையேற்றி, கோடை முழுதும் உலர்த்தி, ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, ஆடியில் வாங்கி இறக்குவோம் என்றேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். நீர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"மூணு வாரம் இருக்கே, ஓய்" என்றீர்.

"ஆடி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றேன்.

அதற்குமேல் நீர் வாதாடவில்லை. வகுப்பில் ஒரு கமாவுக்காக மணிக்கணக்கில் வாதாடுகிற நீர் அன்று விட்டுக்கொடுத்துவிட்டீர். நான் வென்றதாக நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு பிற்பகல். ஆறு வெண்மணலாய்க் கிடந்தது. கானலில் அது நிறையத் தண்ணீர் ஓடுவதுபோல் அசைந்தது. மரக்கட்டைகள்மேல் நின்ற படகின் அடியில் நான் குனிந்து பலகைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். நீர் மேலே கித்தானை விரித்து, சக்கரத்தைப் பிடித்து, பயணம் கிளம்பிவிட்டிருந்தீர்.

"அம்மா மண்டபம் வர்றது. படித்துறையில யாரோ கை காட்டறா, பாரும்."

"இந்தப் பலகையில விரிசல் விட்டிருக்கு. இறங்கி வந்து பாருங்க."

"வலது கைப்பக்கம் மலைக்கோட்டை. இடது கைப்பக்கம் எங்க ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் கூடவே நகர்ந்து வர்றது. பலகையை மீன் பாத்துக்கும். நீர் மேல வாரும்."

வேண்டா வெறுப்பாக ஏறினேன். சற்று நேரம் உம்மருகில் இருந்தேன். கித்தானின் நிழல் பச்சையாக உம் முகத்தில் விழுந்தது. அசையாத படகு அசைவதை உணர்ந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கரை பின்னோக்கிச் சென்றது; தென்னைகள் சென்றன; நீர் சொன்ன இடத்தில் சொன்னபடி பாலம் வந்தது. அதற்குக் கீழே போகும்போது இருவருமே தலையைக் குனிந்தோம். நாம் போன ஒரே பயணம் அதுதான்.

வைகாசியில் நீர் போய்விட்டீர். உம் வீட்டு வாசலில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"கார்த்திகையிலயே அவர்கிட்ட சொல்லிட்டேன், சார். இருதயம் ரொம்ப மோசம், ஆடியைப் பாக்கறதே சந்தேகம்னு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னார். சொன்னா படுக்கையில போட்டுக் காவல் இருப்பீங்களாம்."

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை எடை போட்டீர், சரியாகவே போட்டீர். நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனாலும் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல், உமக்கென்று எஞ்சியிருந்த மூன்று வாரத் தண்ணீரை என் கையாலேயே கரையேற்றி உலர்த்தச் செய்துவிட்டுப் போனீர். ஒரு மனிதனுக்கு அவன் நண்பன் இழைக்கத்தக்க கொடுமை இதைவிட வேறில்லை.

ஆடியில் படகை நான் தனியாக வாங்கினேன். பாய் சொன்னது பலித்திருந்தது. கோடை பலகைகளைப் பிரித்திருந்தது. பிளவுகளில் பஞ்சைத் திணித்துக் கீல் பூசி அடைத்து இறக்கினோம். அம்மா மண்டபத்தை எட்டுமுன்பே முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, படகு மணல்திட்டில் அமர்ந்துவிட்டது. கித்தானை மட்டும் தோளில் சுமந்து கரை சேர்ந்தேன்.

இன்று அதை இறக்கியதற்குக் காரணம் உண்டு. நேற்று மாலை காதர் பாய் வந்தார். பார்வை மங்கிவிட்டது, குரல் மாறவில்லை. ஜீயபுரத்துப் பக்கம் ஒரு பழைய படகு விலைக்கு வந்திருக்கிறதாம், கூரை இல்லையாம்.

"நம்ம கித்தான் பொருந்தும் சார். ஆனா..." என்று இழுத்தார். "நீங்க கரையேத்திக் காய வச்சுப் பாக்கணும்பீங்களே."

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து நான்கு நாளாகிறது. நான் உம்மை மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். ஆனால் நான் வாய் திறந்தபோது வெளிவந்தது உம்முடைய கேள்வி.

"இந்தத் தண்ணி தாங்குமா, பாய்?"