நான் சொல்லாத வரி

ஞாயிறு, இரவு

என் கணவர் மீது லாரியை ஏற்றிய ஸ்டீபன் இன்று சர்ச்சில் எனக்குப் பின்வரிசையில் இருந்தான். பரமண்டல ஜெபத்தில் பிறரை மன்னிப்பதாக வரும் வரியை, அவர் போனதிலிருந்து நான் சொல்வதில்லை. இன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஸ்டீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அந்த வரியை நீங்க சொன்னது கேட்டுச்சுக்கா. தேங்க்ஸ்."

"நான் சொல்லலையே."

"அப்ப உங்க பக்கத்துல இருந்தாரே, அவரா?"

பக்கத்தில் யாருமில்லை. அது என் கணவர் உட்காரும் இடம். கைப்பையைத்தான் வைத்திருந்தேன். வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வரும்வரை ரயிலில் அந்தப் பையை மடியில் வைக்கவே பயமாக இருந்தது.

படுக்குமுன் ஜெபித்தேன். அந்த வரிக்கு முன்னால் நிறுத்திக் காத்திருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. ஸ்டீபன் அழுத முகம் வந்து நின்றது. நானே சொன்னேன்.

ஆமென் சொன்னது நான் இல்லை.