இறங்கு சோகை

நாள் 9, 07:00
செவ்வாய்ச் சுற்றுக்கலம். எழுதுவது மருத்துவர் திலகவதி. மேலே நான் மட்டும். கீழே செவ்வாய்த் தரையில் உள்ள தளத்தில் தனியாக மெக்கானிக் மிக்கேல் பர்னாந்து, தூத்துக்குடிக்காரர்; இறங்கி ஒன்பது நாள். அவருடைய ஹீமோகுளோபின் பத்து, பதிமூன்றுக்கு மேல் இருக்க வேண்டியது. எடையற்ற பயணம் முடிந்து தரையிறங்கும் யாருக்கும் இரத்தம் வெளுக்கும். நாங்கள் அதை இறங்கு சோகை என்போம். தானே சரியாகிவிடும், வைத்தியம் பார்ப்பதில்லை.

நாள் 20, 07:10
மிக்கேல், வானொலியில்: "டாக்டரம்மா, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."
எல்லோருக்கும் அப்படித்தான், படுத்தே கிடந்தால் எப்படிச் சரியாகும், உடற்பயிற்சியைக் கூட்டுங்கள் என்று கடிந்துகொண்டேன். இறங்கியவர்களின் புலம்பல் எனக்குப் பழக்கம்.

நாள் 31, 06:40
ஹீமோகுளோபின் ஆறு.
மிக்கேலுக்கு எச்.ஐ.வி. உண்டு. மாத்திரையால் பல வருடங்களாக அடங்கியிருக்கிறது. வரும் வழியில் கதிர்வீச்சில் அந்த மாத்திரைகள் கெட்டுப்போயின. இருப்பிலிருந்த பழைய மருந்துக்கு மாற்றியவள் நான். அது எலும்பு மஜ்ஜையை அமுக்கும். அந்த வைரஸோடு இத்தனை காலம் வாழ்ந்த மஜ்ஜை ஏற்கெனவே சோர்ந்தது.
இறங்கு சோகையாக இருந்தால் மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை அள்ளி அனுப்பும். இவருக்குப் புது அணுக்களே கிட்டத்தட்ட இல்லை. முதல் அறிக்கையிலேயே புது அணுக்களின் எண்ணிக்கை இருந்திருக்கிறது. ஹீமோகுளோபினைப் பார்த்ததும் மூடிவிட்டேன். படித்த முட்டாள் நான்.
மருந்தை நிறுத்தச் சொன்னேன். மஜ்ஜை தேற வாரக்கணக்காகும். ஏற்றுவதற்கான இரத்தம் என்னிடம் இருக்கிறது. என்னிடம் இறங்குகலம் இல்லை, அவர்தான் தரையிலிருந்து கிளம்பும் ஏறுகலத்தில் உட்கார்ந்து மேலே வர வேண்டும். மருந்தை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 32, 11:15
மிக்கேல்: "ஏறுகலத்துக்கு வெளியவே உக்காந்துட்டேன். காலு வரல. நீங்க சொன்ன மாதிரி பயிற்சி ஒழுங்கா செஞ்சிருந்தா ஏறியிருப்பேன். மன்னிச்சிருங்க டாக்டரம்மா."
என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். தாங்கவில்லை. மருந்து, அறிக்கை, என் அலட்சியம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

11:24
வெறும் மூச்சிரைப்பு. பிறகு:
"ஊர்ல எனக்கு என்ன வந்தாலும் என் சீக்கு மேலதான் பழி போடுவாங்க. நானும் அப்படியே நெனச்சுக்கிட்டேன். அப்ப இது... என் தப்பு இல்லல்லா?"
இல்லை மிக்கேல், என் தப்பு என்றேன்.

11:31
இப்போது மூச்சிரைப்பும் கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன்.

11:50
சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் தப்பு இல்லை மிக்கேல், உங்கள்